சாரதியும் நடத்துநரும்: இருதய நோய் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒருவருக்கு நோய் வந்தால் அவர் வைத்தியரை நாடுகிறார். வைத்தியர் கையைப் பிடித்துத் துடிப்பைப் பார்க்கிறார். நாவை நீட்டச் சொல்கிறார். நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்கிறார். அந்த ஒருவரின் உடலுக்குள் நிகழ்வது யாதென அறிந்து, அதற்கேற்ற மருந்தைக் கொடுக்கிறார். இது நெடுங்காலமாக நிலவிவரும் முறை. ஆயினும், “இந்த நோய் இவருக்கு ஏன் வந்தது? இவரோடொத்த வயதும் ஊதியமும் உடைய அடுத்த வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை?” என்ற கேள்விக்கு ஒரு நோயாளியை மட்டும் பார்த்து விடை கூறுதல் இயலாது. அதற்கு ஆயிரக்கணக்கானோரைப் பார்க்க வேண்டும். நோயுற்றோரை மட்டுமன்றி நோயுறாதோரையும் எண்ண வேண்டும். எண்ணியபின் இரு சாராரையும் அருகருகே நிறுத்தி ஒப்புநோக்க வேண்டும்.

1854ஆம் ஆண்டில் இலண்டனிலே வாந்திபேதி பரவியபோது, ஜோன் சினோ என்னும் வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்களுட் பெரும்பாலோர் ஒரே குழாயில் நீர் எடுத்தவர்கள் எனக் கண்டார். தொற்றுநோய்களை ஆராய அன்று பயன்பட்ட அந்த எண்ணும் கலை, ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின்னர் அதே நகரில் வேறொரு நோயை ஆராயப் பயன்பட்டது. அந்த நோய் இருதய நோய். அவ்வாராய்ச்சியைச் செய்தவர் ஜெரமி மொறிஸ் என்னும் பேராசிரியர்.

மொறிஸ் 1910ஆம் ஆண்டிலே லிவர்ப்பூல் நகரிற் பிறந்தார். பெற்றோர் போலந்து நாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதர். அவர் வளர்ந்தது ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில். கப்பற்றொழிலும் இரும்புத்தொழிலும் செழித்த அந்நகரிலே வறுமைக்கும் பஞ்சமில்லை. தந்தையார் பிள்ளைகளை நடக்க அழைத்துச் செல்வார். நான்கு மைல் தூரத்தை ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்தால் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பார். இந்த வழக்கத்தை மொறிஸ் முதுமையிலும் நினைவுகூர்வதுண்டு. கிளாஸ்கோவிலும் இலண்டனிலும் கற்று 1934இல் வைத்தியரானார். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ வைத்தியப் படையிற் சேர்ந்து இந்தியாவிலும் பர்மாவிலும் பணிபுரிந்தார்.

ஏழை மக்களிடையே சில நோய்கள் மிகுந்திருப்பது ஏன் என்ற வினா இளமை தொட்டே அவரைப் பற்றிக்கொண்டிருந்தது. பிற்காலத்திலே சமூகக் கொள்கைத் துறையிற் பெரும் புகழ் பெற்ற றிச்சட் டிற்மஸ் என்பவரோடு சேர்ந்து, குழந்தை மரணம், சிறுவரைப் பற்றும் வாத நோய் முதலியவற்றுக்கும் வறுமைக்குமுள்ள தொடர்பை 1940களில் ஆராய்ந்து எழுதினார். 1948ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்று சமூக மருத்துவத்துக்கென ஒரு பிரிவை நிறுவியது. அதனை நடத்தும் பொறுப்பு மொறிஸிடம் வந்தது. 1975 வரையும் அப்பிரிவின் தலைவராக அவரே விளங்கினார்.

அக்காலத்திற் பிரித்தானிய வைத்தியர்களை இரண்டு நோய்கள் திகைப்பில் ஆழ்த்தின. ஒன்று நுரையீரற் புற்றுநோய். மற்றையது இருதய நோய். நடுத்தர வயதுடைய ஆண்கள், நேற்றுவரை வேலைக்குச் சென்றவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். சிலர் வைத்தியர் வருமுன்னரே மாண்டார்கள். நுரையீரற் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பை டோல், ஹில் என்னும் இருவர் 1950இல் எடுத்துக்காட்டினர். இருதய நோய்க்கோ உறுதியான விளக்கம் எதுவும் அன்று கிட்டவில்லை.

மேலே செல்லுமுன் அந்நோயின் தன்மையைச் சிறிது அறிதல் நன்று. இருதயம் உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் ஒரு தசை. தனக்கு வேண்டிய ஒட்சிசனை அது தன்னுள்ளே நிரம்பி நிற்கும் குருதியிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதில்லை. அதன் மேற்புறத்தைக் கிரீடம்போலச் சூழ்ந்து செல்லும் சிறு குழாய்கள் அதற்கெனக் குருதியைக் கொண்டுவருகின்றன. கிரீடம்போல் அமைந்தமையால் அவற்றை முடியுரு நாடிகள் என்பர். ஆண்டுகள் பல செல்ல, இக்குழாய்களின் உட்சுவரிலே கொழுப்புப் படிந்து தடிக்கின்றது, வழி ஒடுங்குகின்றது. அவ்விடத்திலே குருதி உறைந்து வழியை முற்றாக அடைத்துவிட்டால், அக்குழாயை நம்பியிருந்த தசைப்பகுதி மாண்டுபோகின்றது. இதனையே மாரடைப்பு என்கிறோம். தப்பியவரின் இருதயத்திலே அவ்விடம் ஒரு தழும்பாக மாறி நிலைத்துவிடும்.

மொறிஸ் முதலிற் செய்தது ஒரு பழைய கணக்கைப் புரட்டியதேயாகும். இலண்டன் வைத்தியசாலையில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நடைபெற்ற பிரேத பரிசோதனைகளின் குறிப்புகள் பேணிவைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஆண்டுவாரியாக ஆராய்ந்து 1951இல் முடிவை வெளியிட்டார். விளைவு விந்தையானது. முடியுரு நாடிகளிற் கொழுப்புப் படிவது அந்தக் காலப்பகுதியில் அதிகரிக்கவில்லை. ஆனால், மாரடைப்பால் மாண்டவர் தொகை வெகுவாக ஏறியிருந்தது. குழாயின் பழுது பழையது. கொல்லும் நோயோ புதிது. ஆகவே, அந்தப் பழுதைக் கொண்டே நெடுநாள் வாழ்ந்த மனிதனை இப்பொழுது வீழ்த்துவது, அவன் வாழும் முறையிலே நேர்ந்த ஏதோ ஒரு மாற்றமாதல் வேண்டும் என அவர் ஊகித்தார். அந்த மாற்றம் யாது? அதைத் தொழிலிலே தேடலாம் என எண்ணினார்.

பல தொழில்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. அவற்றுள் இலண்டன் போக்குவரத்துச் சேவையின் விவரமே முதலில் வந்து சேர்ந்தது. அக்காலத்து இலண்டனின் சிவப்பு நிற இரட்டைத்தட்டு பஸ்ஸிலே இருவர் பணிபுரிந்தனர். முன்புறத்தில் தனியறை போன்ற இடத்திலே சாரதி அமர்ந்திருப்பார். வேலைநேரத்திற் பத்தில் ஒன்பது பங்கை அவர் இருந்தபடியே கழிப்பார். நடத்துநரோ ஓடும் வண்டியில் ஆசனம் ஆசனமாகச் சென்று பணம் பெற்றுச் சீட்டு வழங்குவார், பின்புறத்துப் படிக்கட்டில் ஏறி மேல்தட்டுக்குச் செல்வார், மீண்டும் இறங்குவார். ஒரு நாளில் அவர் கடந்த படிகளை எண்ணியபோது 500 முதல் 750 வரை வந்தன. இருவரும் ஒரே வகுப்பினர். ஒரே நகரத்துத் தெருக்களில் ஒரே வண்டியிலே பயணம் செய்பவர். ஒரே நிறுவனத்திற் சம்பளம் பெறுபவர். வேறுபாடு முக்கியமாக ஒன்றே: ஒருவர் உட்கார்ந்திருந்தார், மற்றவர் ஓய்வின்றி நடந்தார்.

இதனினும் சிறந்த ஒப்பீட்டை ஓர் ஆய்வுகூடத்தில் அமைத்தல் அரிது. மனிதரைப் பிடித்து, “நீ இருபது ஆண்டு உட்கார்ந்திரு, நீ இருபது ஆண்டு படியேறு” என எந்த ஆராய்ச்சியாளராலும் ஆணையிட முடியாது. அத்தகைய பரிசோதனையை இலண்டன் நகரின் போக்குவரத்து தானாகவே நடத்திக்கொண்டிருந்தது. அதை அவ்வாறு காணும் கண்ணே வேண்டியிருந்தது.

35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் விவரங்கள் ஆராயப்பட்டன. 1949, 1950ஆம் ஆண்டுகளில் அவர்களுள் எவரெவர் இருதய நோயாற் பீடிக்கப்பட்டனர், எவரெவர் இறந்தனர் என்பன சுகவீன விடுமுறைப் பத்திரங்களிலிருந்தும் மரணப் பதிவுகளிலிருந்தும் திரட்டப்பட்டன. சாரதிகளுள் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேருக்கு 2.7 பேர் இருதய நோய்க்கு ஆளாயினர், நடத்துநருள் 1.9 பேர். அதுமட்டுமன்று. நடத்துநருக்கு அந்நோய் வந்தபோதும் சற்று முதிர்ந்த வயதிலேயே வந்தது. வந்த நோயும் உழைக்கும்போது தோன்றும் நெஞ்சு நோவாக, மெதுவான வடிவிலே தோன்றுவது மிகுதி. நோய் கண்டவுடனே மாண்டுபோதல் சாரதிகளிடையே அதிகம்.

இத்தகைய முடிவு கையிற் கிடைத்தால் உடனே உலகறியச் செய்ய விரும்புவோரே பலர். மொறிஸ் அவசரப்படவில்லை. ஓர் இடத்தில் மட்டும் காணப்படும் வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். மேலும், ஒரு வலிய மறுப்புக் கண்முன்னே நின்றது. சாரதிக்கு நோய் வருவது அவர் உட்கார்ந்திருப்பதாலா, அன்றி நெரிசல் மிக்க தெருக்களிலே பல உயிர்களைப் பொறுப்பேற்று வண்டி செலுத்தும் மனக்கவலையாலா? இதற்கு பஸ்ஸுக்குள்ளே விடை கிடையாது. ஆகவே, அவர் தபாற் பகுதியினரின் கணக்குக்காகக் காத்திருந்தார். கடிதப் பையைத் தோளிலிட்டு வீடு வீடாக நடந்தும் துவிச்சக்கர வண்டியிற் சென்றும் பணிசெய்யும் தபாற்சேவகர் ஒருபுறம்; கதிரையிலிருந்து வேலை பார்க்கும் லிகிதர், தொலைபேசி இயக்குநர் முதலியோர் மறுபுறம். இவர்கள் எவரும் பஸ் செலுத்துபவர் அல்லர். அங்கும் அதே முடிவு வந்தது. நடப்பவரினும் இருப்பவரே இருதய நோயால் மிகுதியாகத் தாக்குண்டனர்.

அதன்பின்னரே, 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ‘லான்செற்’ என்னும் மருத்துவ வார இதழிலே மொறிஸும் அவர்தம் தோழரும் தம் ஆராய்ச்சியை இரு பகுதிகளாக வெளியிட்டனர். ஆயினும், தம் கருத்தை நிறுவிவிட்டதாக அவர்கள் முழங்கவில்லை. உடலுழைப்பு மிகுந்த தொழில் செய்வோருக்கு இருதய நோய் குறைவு என்பதை மேலும் சோதித்தற்குரிய ஒரு கருதுகோளாகவே முன்வைத்தனர்.

அந்த அடக்கம் வேண்டியதுதான் என்பதை அடுத்த ஆராய்ச்சியே காட்டியது. போக்குவரத்துச் சேவை தன் தொழிலாளருக்குச் சீருடை வழங்கியது. அச்சீருடைகளின் அளவுகள் யாவும் ஏட்டிற் பதியப்பட்டிருந்தன. மொறிஸும் தோழரும் அவ்வேடுகளை வாங்கிக் காற்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தனர். சாரதிகளின் இடுப்பு நடத்துநரின் இடுப்பினும் பெரிதாயிருந்தது. சேவையிற் சேர்ந்து பல ஆண்டுகள் உட்கார்ந்ததனாற் பெருத்த இடுப்பென்றால் வியப்பில்லை. ஆனால், இளம் வயதுச் சாரதிகளிடமும் அவ்வேறுபாடு காணப்பட்டது. அஃதாவது, பருத்த உடலினர் சாரதி வேலையையும் மெலிந்த உடலினர் நடத்துநர் வேலையையும் தொடக்கத்திலேயே நாடியிருத்தல் கூடும். அங்ஙனமாயின், படிக்கட்டு நடத்துநரைக் காத்தது என்பது எவ்வாறு? காக்கப்பட்ட உடல்வாகு உடையோரே படிக்கட்டைத் தேடிச் சென்றனர் என்றல்லவா ஆகும்?

தம் கருத்துக்கு எதிராக நிற்கும் இச்செய்தியை மொறிஸ் குழுவினர் மறைக்கவில்லை. 1956இல் அதே ‘லான்செற்’ இதழிலே தாமே வெளியிட்டனர். ஆராய்ச்சியின் நேர்மைக்கு இதனை ஒரு நல்ல உதாரணமாகக் கொள்ளலாம். பின்னர், இடுப்பளவு ஒத்தவர்களை மட்டும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டனர். மெலிந்தோருள்ளும், நடுத்தர உடலினருள்ளும், பருத்தோருள்ளும், திடீர் மரணம் சாரதிகளிடையே மிகுதியாகவும் நடத்துநரிடையே குறைவாகவும் இருந்தது. உடற்பருமன் கதையின் ஒரு பகுதி, முழுக்கதையும் அதுவன்று. 1966இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியிலே பஸ் தொழிலாளரின் குருதியமுக்கமும் குருதியிலுள்ள கொலஸ்டரோல் என்னும் கொழுப்பும் அளக்கப்பட்டன. அவ்விரண்டும் நோயை முன்னறிவிக்கும் வலிய அறிகுறிகள் எனத் தெரியவந்தது. இருதய நோய்க்குக் காரணம் ஒன்றன்று, பல என்பது இவ்வாறு படிப்படியாகத் தெளிவாயிற்று.

இதற்கிடையில் 1958இல் வேறொரு சான்றும் கிடைத்தது. நாடெங்குமுள்ள வைத்தியசாலைகளில், இருதய நோயல்லாத பிற காரணங்களால் இறந்த 45 முதல் 70 வயது வரையான ஏறத்தாழ 3,800 ஆண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகள் திரட்டப்பட்டன. ஒவ்வொருவரும் வாழ்நாளிற் செய்த தொழில் யாதென்றும் கேட்டறியப்பட்டது. இலேசான தொழில் செய்தவரும் கடும் உழைப்பாளரும் ஆகிய இரு சாராரின் முடியுரு நாடிகளிலும் கொழுப்புப் படிவு ஏறத்தாழ ஒரே அளவினதாகவே இருந்தது. ஆனால், இருதயத் தசையிலே காணப்பட்ட தழும்புகள் கடும் உழைப்பாளரிடம் மிகக் குறைவு. உழைப்பு, குழாயிற் படியும் அழுக்கை முற்றாகத் தடுப்பதில்லை. அந்த அழுக்கினால் விளையும் கேட்டைத் தாங்கும் ஆற்றலை இருதயத்துக்கு அளிக்கின்றது என இதனால் விளங்கிற்று. 1951இல் அவர் கண்ட புதிருக்கும் இதிலே ஒரு விடை கிடைத்தது.

உழைப்பு எவ்வாறு இந்த ஆற்றலை அளிக்கின்றது? உடற்றொழிலியல் இதற்கு விளக்கம் தருகின்றது. ஓய்ந்திருக்கும் மனிதனின் இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, 5 லீற்றர் குருதியை அனுப்புகின்றது. அவன் ஓடும்போது தசைகள் ஒட்சிசனைக் கேட்கின்றன, துடிப்பு விரைகின்றது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் குருதியும் கூடுகின்றது, நிமிடத்துக்கு 20 லீற்றர் வரையும் குருதி பாய்கின்றது. நாள்தோறும் இவ்வாறு பழகிய இருதயம் வலுப்பெற்று, ஒரே துடிப்பில் அதிக குருதியைத் தள்ளும். எனவே, ஓய்விலே அது மெதுவாகத் துடித்தாலே போதும். இருதயத் தசைக்கு வேண்டிய குருதி பெரும்பாலும் அது தளர்ந்து விரியும் இடைவேளையிலேயே முடியுரு நாடிகளுட் பாய்கின்றது. துடிப்பு மெதுவானால் அந்த இடைவேளை நீள்கின்றது; இருதயத்துக்கு உணவு குறைவின்றிக் கிடைக்கின்றது. அன்றியும், உழைப்பினாற் குருதியமுக்கம் தணிகின்றது. தசைகள் சருக்கரையை நன்கு ஏற்கின்றன. குழாய்களின் உட்படலம் நலமுற்று, வேண்டியபோது விரியும் தன்மையைப் பேணுகின்றது.

உழையாமையின் விளைவை அறிய விரும்பியோர் 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரிலே ஒரு பரிசோதனை செய்தனர். இருபது வயது இளைஞர் ஐவர் மூன்று வாரங்கள் படுக்கையை விட்டு எழாது கிடந்தனர். அந்த மூன்று வாரங்களில், உடல் உச்ச நிலையில் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கு மேற் குறைந்துபோயிற்று. பின்னர் பயிற்சி பெற்று இழந்ததை மீட்டனர். முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை அவர்களின் உடலாற்றலைக் குறைத்ததிலும், அன்று மூன்று வாரப் படுக்கை குறைத்ததே அதிகம். முதுமையின் மேற் சுமத்தப்படும் பழியில் ஒரு பகுதி சோம்பலுக்கு உரியது என்பதை இதனால் அறியலாம்.

மீண்டும் மொறிஸிடம் வருவோம். 1960களில் உலகின் போக்கு மாறிக்கொண்டிருந்தது. சுமை தூக்கியவனிடத்தில் இயந்திரம் வந்தது. படிக்கட்டினிடத்தில் மின்னுயர்த்தி வந்தது. நடந்து சென்றவர் மோட்டார் வண்டி வாங்கினர். தொழிலால் உடலுழைப்புப் பெறுவோர் நாளுக்கு நாள் அருகினர். தொழிலிலே கிட்டாத உழைப்பை ஓய்வு நேரத்திலே தேடிக்கொண்டால் அதே பயன் கிட்டுமா? இதுவே அவர் எழுப்பிய அடுத்த வினா. இதனை ஆராய, நாள் முழுவதும் மேசைமுன் அமரும் அரசாங்க சேவையாளரைத் தெரிந்தெடுத்தார்.

1968 முதல் 1970 வரையில் 40 முதல் 64 வயது வரையுள்ள 16,882 உத்தியோகத்தர்கள், ஒரு திங்கட்கிழமை காலையிலே, தாம் முந்திய வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் செய்தவற்றை எழுதிக் கொடுத்தனர். ஆண்டுகள் சென்றன. சிலருக்கு இருதய நோய் வந்தது. நோயுற்றோருள் நூற்றுக்கு 11 பேரே கடும் உழைப்பு எதனையேனும் செய்ததாக எழுதியிருந்தனர். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க எடுக்கப்பட்ட நோயற்றோருள் நூற்றுக்கு 26 பேர் அவ்வாறு எழுதியிருந்தனர். விரைந்து நீந்துதல், ஓடுதல், தோட்டத்திலே மண்வெட்டியாற் கொத்துதல் போன்று மூச்சு வாங்கச் செய்யும் வேலைகளே கடும் உழைப்பெனக் கொள்ளப்பட்டன. அவற்றைச் செய்தோருக்கு நோய் வரும் அபாயம் செய்யாதோருக்குள்ள அபாயத்தின் மூன்றில் ஒரு பங்கே எனக் கணக்கிட்டு, 1973இல் வெளியிட்டனர்.

இத்தொடரில் 1990ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி பாடசாலைகளிலும் வீடுகளிலும் சிந்தித்தற்குரியது. 45 முதல் 64 வயது வரையுள்ள 9,376 சேவையாளர் சராசரி ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கவனிக்கப்பட்டனர். வாரத்தில் இருமுறையேனும் கடும் பயிற்சி செய்தோருக்கு இருதய நோய் மற்றையோரிற் பாதிக்கும் குறைவாகவே வந்தது. ஆனால், இளமையிலே விளையாட்டு வீரராய் விளங்கிப் பின்னர் கைவிட்டவருக்குப் பழைய புகழ் எவ்விதப் பாதுகாப்பும் தரவில்லை. இளமையில் விளையாடாதிருந்து நடுவயதிலே தொடங்கி நடத்தி வந்தவரோ பயன் பெற்றனர். கல்லூரிக் காலத்தில் வென்ற வெள்ளிக் கிண்ணங்கள் அலுமாரியை அலங்கரிக்கலாம். இருதயத்தைக் காப்பது இந்த வாரத்து நடையும் ஓட்டமுமேயாம். இச்செய்தியில் எச்சரிக்கையும் உண்டு, ஆறுதலும் உண்டு. காலம் கடந்துவிட்டதென எவரும் கைவிட வேண்டியதில்லை.

அமெரிக்காவிலே றால்ப் பாபன்பாகர் என்னும் பேராசிரியரும் இதே வழியிற் சென்றார். சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்திற் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளரையும், ஹாவட் பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர் 16,936 பேரையும் பல்லாண்டுகள் ஆராய்ந்து, மொறிஸின் முடிவுகளுக்கு வலிவூட்டினார். 1996ஆம் ஆண்டு அத்லாந்தா நகரில் ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றபோது, விளையாட்டு விஞ்ஞானத்துக்கான ஒலிம்பிக் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இவ்வளவும் கேட்டபின், “ஓடினாற் போதும், இருதய நோய் அணுகாது” என எவரும் முடிவு செய்துவிடலாகாது. நடத்துநருக்கும் நோய் வந்தது. குறைவாக வந்தது என்பதே உண்மை. புகைப்பவர் ஓடுவதால் புகையின் தீமை மறைந்துவிடாது. குருதியமுக்கமும் நீரிழிவும் உடையோர் வைத்தியரின் சிகிச்சையை விட்டுவிடுதல் பேதைமை. நெஞ்சிலே நோவு கண்டவர் பயிற்சியால் அதைப் போக்க முயலாது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நெடுங்காலம் உட்கார்ந்தே பழகியவர் முதல் நாளிலேயே ஓடத் தொடங்காது, நடையில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறுதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரைப்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை விரைந்து நடத்தல் போன்ற மிதமான உழைப்பை, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடும் உழைப்பை மேற்கொள்ள வேண்டும். அதுவும் இயலாதார் இயன்றதைச் செய்யலாம். சிறிது உழைத்தல் சற்றும் உழையாமையினும் மேலானது.

இந்நாட்டவருக்கு இவ்வாராய்ச்சி அந்நியமானதன்று. 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், இலண்டனில் ஓடிய அவ்வகைச் சிவப்பு நிற இரட்டைத்தட்டு பஸ்கள் பல நூறு இங்கு கொண்டுவரப்பட்டன. இலண்டன் நடத்துநர் ஏறியிறங்கிய அதே வகைப் படிக்கட்டுகளிலே கொழும்பு நடத்துநரும் ஏறியிறங்கினார். இலண்டனிலே நடத்துநர் என்ற தொழில் படிப்படியாக மறைந்தது. 2005ஆம் ஆண்டு இறுதியிலே பழைய வண்டிகள் வழமையான சேவையிலிருந்து விலகியபோது பெரும்பாலும் முடிவுற்றது. சாரதியே பணம் பெறும் வண்டிகள் வந்தன. மொறிஸ் ஒப்பிட்ட இருவருள், நடந்தவர் போய்விட்டார், உட்கார்ந்தவரே எஞ்சினார். இலங்கையிலும், வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களின் காரணங்களுள் முடியுரு நாடி நோய் முன்னணியில் நிற்கின்றது. ஒரு காலத்திற் செல்வர் நோயென எண்ணப்பட்ட இது, இன்று வயலை விட்டு மேசைக்கும் முச்சக்கர வண்டிக்கும் மாறியவரின் நோயாகிவிட்டது.

இவ்விடத்தில் மொறிஸின் மற்றொரு கருத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். உடல்நலம் தனி மனிதனின் கடமை மட்டுமே எனக் கூறி அவர் விலகிக்கொள்ளவில்லை. நட என்று சொல்லுமுன் நடக்கத்தக்க வழி இருக்க வேண்டும். நீந்து என்று சொல்லுமுன் நீந்தத்தக்க குளம் இருக்க வேண்டும். நல்லுணவு உண் என்று சொல்லுமுன் அதை வாங்கும் ஊதியம் இருக்க வேண்டும் என்ற கொள்கையுடையவர் அவர். 2000ஆம் ஆண்டிலே, தொண்ணூறு வயதிலும், நலமாக வாழ்வதற்கு ஓர் இளந்தொழிலாளிக்குக் குறைந்தது எவ்வளவு வருமானம் வேண்டும் எனத் தோழரோடு சேர்ந்து கணக்கிட்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். உணவு, வீடு என்பவற்றோடு உடற்பயிற்சிக்கு ஆகும் செலவையும் அக்கணக்கிற் சேர்த்திருந்தார். கிளாஸ்கோவின் வறுமையைக் கண்டு வைத்தியரானவர், இறுதிவரை அந்த வறுமையை மறக்கவில்லை.

தாம் எழுதியதைத் தாமே கடைப்பிடித்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. பெரியவர்கள் தெருவிலே ஓடுவதைக் கண்டால் ஊரார் நகைக்கும் காலத்தில், இலண்டன் ஹாம்ப்ஸ்ரெட் வெளியிலே அவர் ஓடினார். முதுமையில் நீந்தினார், நடந்தார். ஓய்வு பெற்றபின்னும் பல ஆண்டுகள் இலண்டன் சுகாதார, வெப்பவலய மருத்துவக் கல்லூரியில் உள்ள தம் அறைக்குச் சென்று வேலை பார்த்தார். 2009ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், தமது 99ஆவது வயதிலே காலமானார்.

சுகவீன விடுமுறைப் பத்திரமும் காற்சட்டை அளவேடும் அலுவலக மூலையிற் கிடக்கும் காகிதங்கள். அவற்றைப் பொறுமையாக எண்ணி, தம் கருத்துக்கு மாறான எண்ணையும் ஒளிக்காது எழுதியதனால், எத்தனையோ குடும்பங்களில் தந்தையர் திடீரென மாளாது தடுக்கும் ஒரு வழி உலகுக்குத் தெரியவந்தது. அந்த வழிக்கு மருந்துக்கடைச் சீட்டு வேண்டியதில்லை. பஸ்ஸிலிருந்து ஒரு தரிப்பிடம் முன்னரே இறங்கி வீடுவரை நடத்தல், மின்னுயர்த்தியை விட்டுப் படியில் ஏறுதல், மாலையிலே பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் நடத்தல் ஆகியவற்றில் அது தொடங்குகின்றது. நடந்து முடித்த பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பதும் தவறில்லை.